கேஸ் மாத்திரை மாத்திரையில் சேராது

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் என்றுகூடச் சொல்ல முடியாது. சொன்னவர் அதை உண்மை என்றே நம்பினார்.

தோல் டாக்டர் என் அப்பாவின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிடச் சொல்லி முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தடித்துச் சிவந்திருந்ததைப் பார்த்தார். பிறகு கை கழுவிக்கொண்டே, "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லைங்க" என்றார் அப்பா.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், "அந்த கேஸ் மாத்திரை?" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்த பார்வையில் நிஜமான வியப்பு இருந்தது. "அதெல்லாம் மாத்திரையில சேருமா?" என்றார்.

டாக்டர் கையைத் துடைப்பதை நிறுத்தினார். அந்தக் கணத்தில் எனக்குள் ஒரு கதை பிறந்தது [இப்படி எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் அந்தக் கணத்தில் எனக்குள் பிறந்தது ஆத்திரம்தான்]. ஏனென்றால், அந்தத் தடிப்புக்குக் காரணம் என்று சொல்லப்பட்ட அண்ணி, அதே வாரம் ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு எங்கள் வீட்டைவிட்டுப் போயிருந்தாள்.

(அடிக்குறிப்பாக இருந்திருக்க வேண்டியது: நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். பிறர் எழுதியதில் பிழை கண்டுபிடிப்பது என் பிழைப்பு. இலக்கணத்தில் மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. இந்தச் சிலேடையை வைத்து ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். அண்ணி அழாமல் போன வீட்டில் உட்கார்ந்துகொண்டு சிலேடை பண்ணுவது எனக்கே சகிக்கவில்லை.)

2

கதையை எப்படித் தொடங்குவது என்பதில் நிறைய நாள் போயிற்று.

முதல் தொடக்கம்: "கண்ணாடிக்காரருக்கு முதலில் அரித்தது கழுத்தின் இடது பக்கம்." நல்ல வாக்கியம்தான். ஆனால் படிப்பவர் அப்போதே அப்பா பக்கம் சாய்ந்துவிடுவார். அரிப்பவர்மேல் யாருக்கும் இரக்கம் வரும்.

இரண்டாம் தொடக்கம்: "அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் அப்பாவுக்கு நெஞ்செரிச்சல் தொடங்கியது." இதில் பொய் எதுவும் இல்லை. அவள் வந்தாள், பிறகு எரிந்தது. ஆனால் இந்த வாக்கியத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். எழுதிய நானே குற்றப்பத்திரிகை வாசித்துவிட்டேன். 'வந்ததும்' என்பதற்கும் 'வந்ததால்' என்பதற்கும் கடைசி இரண்டெழுத்துதான் வித்தியாசம். அச்சகத்தில் இது என் கண்ணில் பட்டிருந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டிருப்பேன். எங்கள் வீட்டில் அந்தப் பிழை மாதக்கணக்கில் திருத்தப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் தொடக்கத்தைத்தான் நீங்கள் மேலே படித்தீர்கள்.

3

அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. கடைக்குப் பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை. 'கண்ணாடிக்காரர் கடை' என்றால்தான் தெருவில் தெரியும். கண்பார்வையையும் அவரே பார்ப்பார். கனமான சோதனைச் சட்டத்தை வாடிக்கையாளரின் முகத்தில் மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகச் செருகி, "இது தெளிவா இருக்கா, முன்ன போட்டது தெளிவா இருந்ததா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவசரப்படமாட்டார். தெரியவில்லை என்று ஒரு பாட்டி சொன்னால்—[பாட்டி வேண்டாம், இந்தக் கதையில் யாரும் தேவைக்கு மேல் மனத்தைத் தொடக் கூடாது]

அம்மா இறந்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். என் சீருடைக்கு மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட அப்பா கற்றுக்கொண்டார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இனி வரும் பகுதிகளில் நீங்கள் அவரை வெறுக்கப் போகிறீர்கள். வெறுங்கள். ஆனால் இதையும் தெரிந்துகொண்டு வெறுங்கள்.

அண்ணி ஒரு பெரிய சலவை நிலையத்தில் மேற்பார்வையாளர். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் மலைமலையாக வந்து இறங்கும் இடம். அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த புதிதில், தொலைக்காட்சி பார்க்கும்போது அவள் கண்ணைச் சுருக்குவதை முதலில் கவனித்தவர் அப்பாதான். மறுநாளே கடைக்கு அழைத்துப்போய்ச் சோதித்து, சட்டம் தேர்ந்தெடுத்து, தன் கையாலேயே வில்லை பொருத்திக் கொடுத்தார். அண்ணி கடை வாசலில் நின்று எதிர்ச் சுவரில் இருந்த விளம்பரத்தைக் கடைசி வரி வரைக்கும் சத்தமாகப் படித்தாளாம். "என் மருமகளுக்கு இத்தனை வருஷம் உலகம் மங்கலாவே தெரிஞ்சிருக்கு, பாவம்" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

அண்ணன்? அண்ணனைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதினேன். திரும்பப் படித்தால் அதில் அவன் எதுவுமே செய்யவில்லை. எடுத்துவிட்டேன். கதைக்கு ஒரு குறையும் வரவில்லை.

4

அப்பா கடையைச் சாத்திவிட்டு வந்து வயிறு முட்டச் சாப்பிடுவார். சாப்பிட்ட கையோடு படுத்துவிடுவார். அம்மா இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். வயசு ஏற ஏற, சாப்பிட்டது மேலே ஏறத் தொடங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவார்.

"காரம் ஜாஸ்தி" என்றார்.

அண்ணி காரத்தைக் குறைத்தாள். பிறகு மிளகாயையே நிறுத்தினாள். வீடு முழுக்க ஆஸ்பத்திரிச் சாப்பாடு சாப்பிட்டோம். எரிச்சல் நிற்கவில்லை. எண்ணெய் சரியில்லை என்றார்; எண்ணெய் மாறியது. கடைசியில் தெருமுனை மருந்துக் கடைக்காரர் ஒரு கேஸ் மாத்திரைப் பட்டையைக் கத்தரித்துக் கொடுத்து, காலையில் வெறும் வயிற்றில் ஒன்று போடச் சொன்னார். எரிச்சல் அணைந்தது. மந்திரம் போட்ட மாதிரி இருக்கிறது என்று அப்பா சொன்னார். அதன் பிறகு பல் தேய்ப்பது, மாத்திரை போடுவது, காபி குடிப்பது என்று அது தினசரிக் காரியங்களில் ஒன்றாகிவிட்டது. பல் தேய்ப்பதை யாராவது டாக்டரிடம் சொல்வார்களா?

(மாத்திரையைக் குறைசொல்ல இந்தக் கதையை எழுதவில்லை. லட்சக்கணக்கானவர்கள் ஒரு தொந்தரவும் இல்லாமல் அதைச் சாப்பிடுகிறார்கள், நானும் சாப்பிட்டிருக்கிறேன். சிலருக்கு, மிகச் சிலருக்கு, தோல் ஒத்துக்கொள்வதில்லை. கதை அந்தச் சிலரைப் பற்றியதும் அல்ல. எதைப் பற்றியது என்று எட்டாம் பகுதி எழுதும்வரை எனக்கே தெரியாது.)

5

சில மாதம் கழித்துத் தடிப்பு வந்தது. முதலில் கழுத்து, பிறகு முன்கைகள். வெயில் பட்டால் திகுதிகுவென்று எரியும். குடும்ப டாக்டர் களிம்பு கொடுத்தார். தடவினால் அடங்கும், விட்டால் கிளம்பும். ஏதாவது ஒவ்வாமையாக இருக்கும், வீட்டில் புதுசாக என்ன வந்தது என்று யோசித்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அப்பா யோசித்துப் பார்த்தார். வீட்டில் புதுசாக வந்தது அண்ணி.

சந்தேகம் முழு முட்டாள்தனமும் அல்ல. சலவை நிலையத்தில் வீரியமான திரவங்கள் உண்டு. மாலையில் அவள் உள்ளே வரும்போதே ஒரு நெடி வரும். அதனால் முதல் கோரிக்கை நியாயமாகத்தான் இருந்தது: வேலைக்குப் போட்ட உடுப்பைப் பின்பக்கத்திலேயே மாற்றிவிட்டு உள்ளே வர வேண்டும். சரி என்றாள். அடுத்து, குளித்த பிறகுதான் சமையலறை. சரி. அவருடைய துணியை அவள் தொடக் கூடாது, நான் துவைத்தேன். அவள் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனை ஆகவில்லை. அதையும் விட்டாள். கொடியில் அவள் துண்டும் அவர் துண்டும் பக்கத்தில் காயக் கூடாது. ஒவ்வொன்றையும் அப்பா கெஞ்சுவது மாதிரிதான் கேட்டார். "சும்மா ஒரு டெஸ்ட்டுக்கும்மா" என்பார். டெஸ்ட் எதுவும் முடிந்ததாக அறிவிக்கப்படவில்லை. தடிப்பு அப்படியே இருந்தது. கோரிக்கைகளும் அப்படியே இருந்தன.

அண்ணன் மட்டும் ஒருநாள் சொன்னான். "அப்பா சொல்றது தப்பாவே இருக்கட்டும். செஞ்சிட்டுப் போயிடலாமே."

அதையெல்லாம் செய்தவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

[இங்கே அண்ணி அழுததாக ஒரு வரி எழுதியிருந்தேன். வரைவைப் படித்த அண்ணி அந்த இடத்தில் விரலை வைத்து, "நான் எப்போ அழுதேன்?" என்று கேட்டாள். அழவில்லைதான். அழுதிருந்தால் எனக்கு எழுத வசதியாக இருந்திருக்கும்.]

6

கடைக்குப் பல வருஷமாக வரும் ஒரு பள்ளி ஆசிரியை. அப்பா சோதனைச் சட்டத்தை அவர் காதில் மாட்டக் கையை உயர்த்தினார். சட்டைக் கை விலகி, சிவந்த தோல் வெளியே தெரிந்தது. ஆசிரியை தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "குடுங்க, நானே மாட்டிக்கிறேன்" என்றார். அவ்வளவுதான். மரியாதையாகத்தான் சொன்னார். பார்வை சோதித்துக்கொண்டு, யோசித்துவிட்டு வருகிறேன் என்று போனவர் வரவில்லை.

அப்பா இதை அன்று யாரிடமும் சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்து, தொலைக்காட்சியைப் பார்த்தபடி, என் பக்கம் திரும்பாமல் என்னிடம் சொன்னார். ஆசிரியை வந்துபோனது ஒரு சனிக்கிழமை.

மறுநாள் மதியம் நாங்கள் நால்வரும் சேர்ந்து சாப்பிட்டோம். அப்பாவுக்கு விக்கல் எடுத்தது. அண்ணி பாதிச் சாப்பாட்டில் எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனாள். அவள் சமையலறைக்குள் மறைந்ததும் அப்பா எழுந்தார். ஜன்னல் ஓரம் தயாராக வைத்திருந்த துணியைக் கிருமிநாசினியில் நனைத்து, அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துடைக்கத் தொடங்கினார். கோபமாக அல்ல. வில்லையைத் துடைப்பாரே, வட்டமாக, மெதுவாக, ஓரம் விடாமல், அப்படி.

அண்ணி தண்ணீரோடு வந்து நின்றாள். அவளுடைய தட்டில் சாப்பாடு பாதி இருந்தது.

தண்ணீரை அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கல மாமா" என்றாள்.

"தப்பா எடுத்துக்காதம்மா. எதுக்கு ரிஸ்க்குன்னுதான்."

"இனிமே நான் எதுல உக்காரணும்?"

அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்— [நான் என்ன செய்தேன் என்று எழுதி எழுதி அடித்தேன். நான் அங்கே இருந்தேன். அது போதும்.]

அவள் தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டு முடித்தாள். வீணாக்கவில்லை. தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, உள்ளே போய்ப் பையில் துணியை எடுத்துவைத்தாள். சலவை நிலையத்துக்குப் பக்கத்தில் அங்கே வேலை பார்க்கும் பெண்கள் தங்கும் அறை ஒன்று காலியாக இருந்தது. கொஞ்ச நாள் கழித்து அண்ணனும் அங்கே ஒரு வீடு பார்த்துக்கொண்டு போனான். யாரும் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானம் என்று ஒன்றைப் பேசியிருக்கலாம்.

7

அந்த வாரம்தான் நான் அப்பாவைத் தோல் டாக்டரிடம் அழைத்துப்போனேன். மாத்திரையை நிறுத்தச் சொன்னார் டாக்டர். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் இடைவெளி விடச் சொன்னார். வெயில் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

தோல் மெல்ல மெல்லத் தெளிந்தது. முதலில் சிவப்பு போய்ப் பழுப்பானது, பிறகு உதிர்ந்தது, பிறகு பழைய அப்பாவின் கழுத்து திரும்பி வந்தது. கண்ணாடி முன்னால் நின்று அவர் தன் முன்கையைத் தடவிப் பார்ப்பதைப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த இடத்தில் கதை முடிந்துவிடும் என்றும் நினைத்தேன். குற்றவாளி பிடிபட்டுவிட்டது, நிரபராதியை அழைத்துவர வேண்டியதுதான் பாக்கி.

அப்பா சொன்னார்: "பாத்தியா, அவ போனதும் சரியாயிடுச்சு."

"மாத்திரைய நிறுத்தினதால சரியாச்சுப்பா."

"ரெண்டும் ஒரே வாரந்தானே நடந்தது? ரெண்டு வில்லையையும் ஒண்ணா மாத்திட்டு, எதுல தெளிவாச்சுன்னு கேட்டா எப்படி? ஒண்ண மாத்தணும், பாக்கணும். அப்புறம் அடுத்தது."

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. மனிதர் தொழில் சுத்தம்.

மறுபடி டாக்டரிடம் போனபோது இதை நேராகவே கேட்டேன். மாத்திரையாகத்தான் இருக்க வேண்டும் என்றார். சத்தியம் செய்ய முடியுமா என்றேன். "அதுக்குத் திரும்பச் சாப்பிட்டுப் பாக்கணும். அத நான் செய்யச் சொல்ல மாட்டேன்மா. ரெண்டாவது தடவை மோசமா வந்தாலும் வரும்."

(முடிவு, முதல் வடிவம்: மகள் ஒரு மாத்திரையைப் பொடித்து அப்பாவின் காபியில் கலக்கிறாள். அண்ணி இல்லாத வீட்டில் தடிப்பு திரும்புகிறது. உண்மை நிலைநாட்டப்படுகிறது. நான் எழுதியவற்றிலேயே நன்றாக வந்த பகுதி இதுதான். எழுதும்போது எனக்குக் கை ஊறியது. அதனாலேயே கிழித்துப்போட்டேன்.)

8

சலவை நிலையத்துக்குப் போனேன். நீளமான கூடத்தில் ராட்சச இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருந்தன. ஆவியில் அண்ணியின் கண்ணாடி பனித்திருந்தது. கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வாங்க எழுத்தாளரே" என்றாள். மடித்த விரிப்புகளின்மேல் உட்காரச் சொன்னாள்.

மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "மாமாவுக்குச் சுத்தமா சரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு அண்ணி."

"நல்லது."

பிறகு ஒரு விரிப்பை எடுத்து மடித்தாள். நான் எதிர்பார்த்தது இதை அல்ல. கையோடு கொண்டுபோயிருந்த வரைவைக் கொடுத்தேன். அதில் கடைசி வரி, 'காரணம் அவள் அல்ல' என்று முடிந்திருந்தது. நின்றபடியே படித்தாள். அழுகை வரியில் விரலை வைத்துக் கேட்டது அப்போதுதான். முடித்ததும் தாள்களை ஒழுங்காக அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள்.

"நான் காரணமாவே இருந்திருந்தா?" என்று கேட்டாள்.

எனக்குப் புரியவில்லை.

"என் துணி, என் எண்ணெய், ஏதோ ஒண்ணுதான் மாமாவுக்கு ஆகலன்னு வச்சுக்கோ. டாக்டரே சொல்லிட்டார்னு வச்சுக்கோ. அப்போ அந்த நாற்காலிய அப்படித் துடைச்சது சரியாயிடுமா?"

"இல்ல அண்ணி, நான் சொல்ல வந்தது—"

"நீ நல்லதுக்குத்தான் எழுதியிருக்க. ஆனா உன் கதையில நான் மனுஷியா இருக்கிறதுக்கு ஒரு மாத்திரை சாட்சி சொல்ல வேண்டியிருக்கு."

ஓர் இயந்திரம் ஓடி முடித்துக் கூவியது. அவள் அதைப் பார்க்கப் போனாள். போகிற போக்கில் திரும்பி, "எழுதறதா இருந்தா மாத்திரைய விட்டுடு, நாற்காலிய மட்டும் எழுது" என்றாள்.

9

மாத்திரை நின்றதும் அப்பாவின் நெஞ்செரிச்சல் திரும்பிவிட்டது. அவர் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் இடைவெளி விடவில்லை; விடவும் மாட்டார். இப்போது சமைப்பது நான். காரம் ஜாஸ்தி என்று என்னிடம் அவர் சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பதைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவதை இங்கே எழுதினால் அச்சேறாது.

நான் எழுதுவது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அண்ணன் சொல்லியிருப்பான், அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறான். அப்பா காலைச் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "என்னைப் பத்தி எழுதறியாமே" என்றார்.

"ஆமாம்ப்பா."

"எழுது. தடிப்பு வந்தத எழுது, மாத்திரைய எழுது, நாலு பேருக்கு உபயோகமா இருக்கும்." கொஞ்ச நேரம் தாளின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார். "அந்த நாற்காலிய எழுதாத."

தன் மருமகள் எதனால் வீட்டைவிட்டுப் போனாள் என்று அவருக்குத் தெரியாது என்றே நான் அதுவரை எழுதிவந்தேன். அவர் தெரியாதவராக இருக்கும்வரை, தெரியவைப்பதுதான் கதையின் வேலை. அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. பிறகு எனக்கு என்ன வேலை?

ஒருத்தி மாத்திரையை விடச் சொல்கிறாள். ஒருவர் நாற்காலியை விடச் சொல்கிறார். மாத்திரையை விட்டால் அப்பா வெறும் கொடுமைக்காரர். நாற்காலியை விட்டால் இது மருத்துவக் குறிப்பு. இரண்டையும் விடவில்லை. இருவருக்கும் துரோகம் செய்துவிட்டு உங்களிடம் வந்திருக்கிறேன்.

10

(முடிவு, இரண்டாம் வடிவம்: அப்பா சலவை நிலையத்துக்குப் போகிறார். எல்லோரும் பார்க்க மன்னிப்புக் கேட்கிறார். அண்ணி அவர் கையைப் பிடித்து— இதை நான் நம்பவில்லை. நீங்களும் நம்ப மாட்டீர்கள்.)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் ஒரு மாலை. நான் அண்ணியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். அப்பா கடைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர், யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கையை நீட்டினார். தடிப்பின் சுவடே இல்லாத கை.

"குடு. நான் பேசறேன்."

அண்ணிக்கும் அது கேட்டிருக்கும். போனை அவர் கையில் கொடுத்தேன். காதில் வைத்தார். மறுமுனையில் "மாமா" என்று அவள் சொன்னது எனக்கும் கேட்டது. அப்பா வாயைத் திறந்தார், மூடினார், என்னைப் பார்த்தார். நான் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் வந்தார். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. அண்ணியிடம் மறுநாள் கேட்டேன். "உன் கதைக்கா கேக்கற, உனக்கா?" என்றாள். நான் யோசித்த நேரத்தில் அவள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். அவள் இன்னும் வரவில்லை. வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா என்ன சொன்னார் என்பதை நான் பல விதமாக எழுதிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நான்தான் பேசினேன், அவர் பேசவில்லை. ஆகவே அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

"மாமா" என்றாள் அண்ணி.

"                                                    " என்றார் அப்பா.

நிரப்பிக்கொள்ளுங்கள். நீளமாக வேண்டியதில்லை. ஆனால் எதை எழுதினாலும், அதில் மாத்திரை என்ற சொல் மட்டும் வரக் கூடாது.